மூன்று தடவை வேலை போனவள்

கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்துக்குச் சமையல் ஆள் தேடுகிறார்கள் என்று மொனிகா சொல்லித்தான் செலஸ்ரீனா அங்கே போனாள். மொனிகா அந்த இல்லத்தில் துணி துவைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே கோவிலில் பாட்டுக் குழுவில் நிற்பவர்கள். "காலமை ஏழுக்குப் போனா ரெண்டு மணிக்கு வீட்டை வந்திடலாம் அக்கா. பியர் மணமும் இல்லை, வெறிகாரரும் இல்லை. மதரிட்டை நான் உங்களைப் பற்றிச் சொல்லி வைச்சிட்டன்" என்றிருந்தாள்.

செலஸ்ரீனாவுக்கு நாற்பத்துநான்கு வயது. மன்னாரில் பேசாலைக்காரி. இத்தாலியில் பலெர்மோ நகருக்கு வந்து பத்தொன்பது வருடம். அதில் கடைசி ஆறு வருடமும் ஒரேத்தோ ஆற்றங்கரையில் இருக்கும் 'கன்னா வெர்தே' என்ற பப்பில் சமையல். வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், ஸ்திரி போட்ட சட்டையோடு மதருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மதர் அன்பாகத்தான் பேசினார். பெயரைக் கேட்டதும், "இது எங்கள் பெயர் அல்லவா, என் சித்திக்கும் இதே பெயர்தான்" என்று சிரித்தார். உப்பில்லாமல் சமைக்கத் தெரியுமா, சீனி வருத்தக்காரருக்கு என்ன கொடுப்பாய் என்றெல்லாம் கேட்டார். செலஸ்ரீனா சொன்ன பதில்கள் அவருக்குப் பிடித்திருந்தன. தலையை ஆட்டிக்கொண்டே, "இப்போது எங்கே வேலை செய்கிறாய்?" என்றார்.

"ஆற்றங்கரையில், கன்னா வெர்தேயில். பதினொரு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்."

மதர் மேசையிலிருந்த போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரலால் தட்டினார். கொஞ்ச நேரம் வாசித்தார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது.

"அங்கே சமையலறையில் உன்னைத் தவிர வேறு வெளிநாட்டுப் பெண் இருக்கிறாளா?"

"இல்லை, மதர். நான் மட்டும்தான்."

"அப்படியென்றால் நீ இன்னும் அங்கே வேலை செய்கிறேன் என்று சொல்வது எப்படி?" மதர் போனை அவள் பக்கமாகத் திருப்பினார்.

கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் எழுதுகிற பக்கம் அது. யாரோ ஒரு பெண் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாள். மே பதினேழாம் திகதி மத்தியானம் சாப்பிட்டோம். மட்டிச் சிப்பியில் கெட்ட மணம். வீட்டுக்குப் போனதும் நானும் கணவரும் மாறி மாறி வாந்தி. பியர் புளித்திருந்தது. சாப்பாடு வர முக்கால் மணித்தியாலம். அதற்குக் கீழே கடை முதலாளி கஸ்பாரேயின் பதில் இருந்தது. செலஸ்ரீனா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, மனம் வருந்துகிறோம். தவறு எங்கள் சமையலறையில் வேலை செய்த வெளிநாட்டுப் பெண்ணுடையது. சுத்தம் பற்றி நமக்கு இருக்கும் பழக்கம் அவர்களுக்கு வருவதில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம். மீண்டும் வாருங்கள், முதல் பியர் எங்கள் உபசாரம்.'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மதர், இது பொய். நேற்றும் நான் அங்கே வேலை செய்தேன்."

"இருக்கலாம்," என்றார் மதர். "ஆனால் என்னிடம் இருப்பவர்கள் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள். ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் போதும், எழும்ப மாட்டார்கள். நான் என்ன செய்ய?" எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "உனக்காக மன்றாடுகிறேன்."

தெருவுக்கு வந்தாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். சுத்தம் தெரியாதவள். 'அவர்களுக்கு வருவதில்லை.' எவர்களுக்கு? ஆறு வருடமாக அந்தச் சமையலறையின் தரையைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவியது யார்? பஸ் மூன்று தரிப்பு தாண்டிய பிறகுதான் அந்தத் திகதி அவளுக்கு உறைத்தது. மே பதினேழு.

பதினேழு சனிக்கிழமை. மகள் றெபேக்காவுக்குக் கோவிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த நாள்.

அன்று அவள் பப் இருக்கும் பக்கமே போகவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சேலை கட்டிக் கோவிலில் நின்றவள், பின்னேரம் வரை பங்கு மண்டபத்தில் ஆட்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள் லீவுக்குக் கஸ்பாரே இரண்டு கிழமையாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "சனிக்கிழமை எவராவது லீவு கேட்பார்களா, தீனா? சரி, நானே சமைக்கிறேன்" என்று கடைசியில் சொன்னவன் அவன்தான். அவன் அவளை ஒரு நாளும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அது மட்டுமில்லை. முதல் நாள் வெள்ளிக்கிழமை, குளிர்ப்பெட்டிக் கதவின் ரப்பர் கிழிந்து குளிர் நிற்காததால் மட்டி வாயைத் திறந்து கிடந்தது. அவள் அதைப் பையில் கட்டி, 'வேண்டாம், எறியவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது பை இல்லை. எறிந்துவிட்டான் என்று நினைத்தாள். அவன் அதைச் சமைத்து ஆட்களுக்குப் போட்டிருக்கிறான்.

மதருக்கு முன்னால் இது ஞாபகம் வரவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பஸ் அதற்குள் பாலத்தைக் கடந்துவிட்டது.

கஸ்பாரே கோப்பி மெசினைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஐம்பது வயது, நல்ல உடம்பு, எவரோடும் தோளில் கைபோட்டுப் பேசுகிற பழக்கம். வெளியே ஆற்றோரப் பந்தலின் கீழ் மேசைகள் வெறுமையாக இருந்தன. கோடை தொடங்கியதால் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை.

"தீனா, கத்தரிக்காய் வந்திருக்கிறது, உள்ளே பார்" என்றான்.

அவள் உள்ளே போகவில்லை. தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். "இது என்ன?"

அவன் ஒருமுறை பார்த்துவிட்டுத் துணியை மடித்தான். "ஓ, அதுவா. அது நீ இல்லை."

"இந்தக் குசினியில் எத்தனை வெளிநாட்டுப் பெண்கள் நிற்கிறார்கள்?"

"அது ஒரு பேச்சுக்கு எழுதுவது, தீனா. ஆட்களுக்குக் கோபம் வந்தால் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும். நான் சமைத்தேன் என்று எழுதினால் நாளைக்கு எவன் இங்கே வருவான்? நீ என்று எழுதினால் உனக்கு என்ன ஆகிவிடப் போகிறது? உன் பெயர் போட்டேனா? படம் போட்டேனா?"

"என்னை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய்."

"நீ இங்கேதானே நிற்கிறாய்." அவன் இரண்டு கையையும் விரித்தான். "ஆகவே அது உண்மை இல்லை. உண்மை இல்லாததால் உனக்கு என்ன நட்டம்?"

"எனக்கு இன்றைக்கு ஒரு வேலை கிடைக்காமல் போனது. இதை வாசித்துவிட்டு."

அவன் துணியைக் கீழே வைத்தான். "வேறு வேலை தேடினாயா? என்னிடம் சொல்லாமலா?" அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. தான் ஏமாற்றப்பட்டவன் போல நிற்கிறான்.

"அதை இப்போதே அழி. பதினேழாம் திகதி நான் இங்கே இல்லை என்று எழுது."

"எழுதினதை அழிக்க முடியாது. அது அவர்களுடைய பக்கம்." பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. "போ, கத்தரிக்காயை வெட்டிக் கப்பொனாத்தாவை அடுப்பில் வை. ஒரு மணிக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்."

செலஸ்ரீனா சமையலறைக்குள் போனாள். ஆணியில் தொங்கிய தன் ஏப்ரனை எடுத்தாள். தன் கத்திகள் இரண்டையும் துடைத்து அதற்குள் சுற்றிப் பையில் வைத்தாள். கத்தரிக்காய்ப் பெட்டியைத் தொடவில்லை. வெளியே வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

"நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருக்கிறாயே. நீ எழுதியது பொய்யாகக் கிடக்க வேண்டாம். இப்போது உண்மை."

"தீனா, பன்னிரண்டு பேர்" என்று அவன் பின்னால் சொல்வது தெருவரைக்கும் கேட்டது.

சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. அன்று மாலை கணவன் வலன்ரைன் வேலையால் வந்த பிறகு, பள்ளிக்கூடத்தால் வந்த மகளும் கையில் போனோடு மேசையில் இருந்தபோது, அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். வலன்ரைன் ஒரு வயோதிப இத்தாலியரைப் பராமரிக்கிறவன். எதையும் மெதுவாகத்தான் பேசுவான்.

"சரி, விட்டாச்சு தானே. அவன்ர மூஞ்சையில முழிக்கத் தேவையில்லை. வேறை வேலை பாப்பம்."

"அம்மா, அஸ்பெத்தா, கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் றெபேக்கா. பதினாறு வயது. விரலால் போனைக் கீழே கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். "இது ஒண்டு மட்டும் இல்லை."

"என்ன இல்லை?"

"இன்னும் இருக்கு. நிறைய. போன வருசம், அதுக்கு முந்தின வருசம்... இவன் எல்லாத்துக்கும் உங்களைத்தான் சொல்லியிருக்கிறான்."

மகள் ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னாள். கடலைமாவில் பொரிக்கும் பனெல்லே எண்ணெய் குடித்திருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். பதில்: எங்கள் வெளிநாட்டு உதவியாளுக்கு இன்னும் கை பழகவில்லை. பியர் சூடாக இருந்தது என்று ஒருவர். பதில்: சமையலறைப் பெண் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டாள். பியர்ப் பீப்பாய்கள் இருந்தது சமையலறையில் அல்ல, கஸ்பாரே நிற்கிற கவுண்டருக்கு அடியில். பரிமாறியவன் மரியாதையில்லாமல் நடந்தான் என்று ஒருவர். பரிமாறுகிறவன் கஸ்பாரேயின் மருமகன். ஆனால் பதில்: அந்த வெளிநாட்டுப் பெண் இப்போது எங்களிடம் இல்லை.

"நான் ஆறு வருசத்தில ஒருநாள், ஒரே ஒருநாள், ஒரு மேசைக்கு ஒரு கோப்பை கொண்டுபோய் வைச்சிருப்பனோ?" என்றாள் செலஸ்ரீனா.

"இதைக் கேளுங்கோ. ஆறு நாறுது எண்டு ஒராள் எழுதியிருக்கு."

"ஆறு நாறினதுக்கும் நானோ?"

"ஓம். குசினித் தண்ணியை நீங்கள் ஆத்துக்குள்ள ஊத்திப்போட்டீங்களாம். கண்டிச்சிருக்கினமாம்."

வலன்ரைனுக்குக்கூட வாய் பிளந்தது. மகள் எண்ணிப் பார்த்தாள். மொத்தம் பதினேழு பதில்கள். அவற்றில் மூன்றில் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு தடவை, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை, இந்த மே மாதம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு அவள் அங்கே போய் வெங்காயம் உரித்திருக்கிறாள். நேற்று அவளை நிறுத்தியவன் இன்று அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டிருக்கிறான்.

"நல்லதா எழுதினதுகளுக்கு என்ன மறுமொழி?" என்று கேட்டாள்.

றெபேக்கா தயங்கினாள். "கப்பொனாத்தாவைத்தான் கனபேர் புகழ்ந்திருக்கினம். சாப்பிட்டு அழுதனான் எண்டு ஒராள் போட்டிருக்கு. மறுமொழி எல்லாத்துக்கும் ஒண்டுதான். 'நன்றி, அது என் தாய் நின்ஃபாவின் கைப்பக்குவம்.'"

கஸ்பாரேயின் தாய் நின்ஃபாவை அவளுக்குத் தெரியும். எண்பத்தொரு வயது. பிரான்காச்சோவில் மகளோடு இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் பப்புக்கு வந்து மூலை மேசையில் இருந்து செலஸ்ரீனாவின் கப்பொனாத்தாவை இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவர். அந்தச் சமையலறைக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

செலஸ்ரீனா எழுந்து யன்னலடியில் போய் நின்றாள். கத்த வேண்டும் போல இருந்தது, மேல்மாடி கீழ்மாடி எல்லாம் கேட்கக் கத்த வேண்டும் போல. கத்தவில்லை. "எழுது பிள்ளை" என்றாள். "ஒவ்வொண்டுக்கும் கீழை எழுது. என்ர பேரைப் போட்டு எழுது."

"இஞ்சேரும், யோசிச்சுச் செய்யும்" என்றான் வலன்ரைன். "அவன் பொலிஸ், கேஸ் எண்டு போனான் எண்டால்? பெர்மெஸ்ஸோ, விசா எல்லாம் புதுப்பிக்கிற நேரம்."

"பெர்மெஸ்ஸோவில வாய் திறக்கக் கூடாதெண்டு எழுதியிருக்கோ? எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கோ, எந்தப் பக்கத்தில எண்டு."

வலன்ரைன் கதிரையை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். இடையில் மகள் நிறுத்தி, "இதைக் கொஞ்சம் மரியாதையா மாத்தி எழுதட்டோ?" என்றாள். "வேண்டாம். எனக்கு வாற இத்தாலியன் இவ்வளவுதான். இப்பிடியே போகட்டும்" என்றாள் செலஸ்ரீனா.

இரண்டு நாளில் எழுதியது அவ்வளவும் காணாமல் போனது. மூன்று கிழமை கழித்து அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு சின்னக் கடிதம் மட்டும் வந்தது. கடையில் சாப்பிட்ட வாடிக்கையாளர்களின் அனுபவங்களை மட்டுமே வெளியிடுவார்களாம். வேலை செய்கிறவர்களின் தகராறுகளுக்கு இடமில்லையாம்.

செலஸ்ரீனா மகளைக் கொண்டு கடிதத்தை இரண்டு தரம் வாசிப்பித்தாள். "அப்ப சமைச்சவள் கதைக்கேலாது. திண்டவை கதைக்கலாம்."

"அப்பிடித்தான் இருக்கு."

"சரி. திண்டிட்டுக் கதைப்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மூண்டு பேருக்கு மேசை சொல்லு. என்ர பேரிலயே சொல்லு."

றெபேக்கா பப்புக்குப் போன் எடுத்தாள். சிசிலியப் பேச்சில் வளர்ந்த பிள்ளை. செலஸ்ரீனா என்பது அந்த ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிற பெயர். மறுமுனையில் கஸ்பாரே மகிழ்ச்சியோடு மேசை ஒதுக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. செலஸ்ரீனா கோவிலுக்குக் கட்டிய நீலச் சேலையோடு வந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் கஸ்பாரேயின் முகம் மலர்ந்தது. "வந்துவிட்டாயா, நல்லது. பின்பக்கமாகப் போ, ஏப்ரன்..."

"மூன்று பேருக்கு மேசை," என்றாள் அவள். "செலஸ்ரீனா என்ற பெயரில்."

அவன் கையிலிருந்த, மேசைகள் பதியும் கொப்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவன் மூவரையும் கூட்டிக்கொண்டு போய், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் விட்டான்.

கப்பொனாத்தா, பனெல்லே, வலன்ரைனுக்கு ஒரு பியர். மருமகன் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் கஸ்பாரேதான் கொண்டுவந்தான். வைத்த விதத்தில் தட்டின் எண்ணெய் மேசைத் துணியில் சிந்தியது. வலன்ரைன் பியரில் ஒரு மிடறு குடித்துவிட்டு உதட்டைச் சுழித்தான். பியர்க் குழாயைத் திங்கட்கிழமைதோறும் கழற்றிக் கழுவியது செலஸ்ரீனா. அது அவளுடைய வேலை இல்லை. வேறு எவரும் செய்யாததால் செய்தாள். அவள் போன பிறகு குழாயை எவரும் தொடவில்லை என்பது அந்த மணத்திலேயே தெரிந்தது. கத்தரிக்காய் உள்ளே வேகவில்லை. வினாகிரியைக் கடைசியில் அப்படியே கொட்டியிருந்தார்கள்.

மூலை மேசையில் நின்ஃபா இருந்தார். அடுத்த மேசையில் வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு கஸ்பாரேயிடம் எதையோ கேட்டாள். அவன் பெருமையோடு மூலை மேசையைக் காட்டினான். அவள் எழுந்து போய்க் குனிந்து, "அம்மா, இந்தக் கப்பொனாத்தா உங்கள் கையால் செய்ததாமே. இதற்காகத்தான் வந்தோம்" என்றாள்.

நின்ஃபாவுக்குக் காது மந்தம். ஆகவே குரல் பெரிது. "என்ன? என் கையாலா? எனக்கு முட்டை அவிக்கவே பொறுமை கிடையாது, மகளே. புருசன் இருந்த காலத்திலும் அவர்தான் சமைப்பார். இது தீனா செய்வது." கண்ணைச் சுருக்கிப் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். "அதோ இருக்கிறாளே. தீனா, நீ ஏன் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய்? இன்றைக்கு இது நீ செய்தது இல்லை. செருப்பைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது."

"அம்மா, சாப்பிடுங்கள்" என்று கஸ்பாரே விரைந்து வந்தான். "அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறதி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான்.

அந்தச் சொல்லில்தான் செலஸ்ரீனா எழுந்தாள். பெற்ற தாயையும் விடமாட்டானா இவன்?

"அவருக்கு மறதி இல்லை," என்றாள். குரல் எல்லோருக்கும் கேட்டது. "ஆறு வருடம் இங்கே சமைத்தது நான். இவன் பதில்களில் எழுதுகிற வெளிநாட்டுப் பெண்ணும் நான்தான். நல்லதென்றால் இவனுடைய தாய், கெட்டதென்றால் நான். மே பதினேழாம் திகதி இங்கே சாப்பிட்டு வருத்தம் வந்தவர்களுக்கு நான் சமைக்கவில்லை. நான் கோவிலில் நின்றேன். எறியச் சொல்லி எழுதி வைத்த மட்டியை எடுத்துச் சமைத்தவன் இவன்."

"வெளியே போ," என்றான் கஸ்பாரே. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"நான் இன்றைக்கு வாடிக்கைக்காரி. இன்னும் சாப்பிட்டு முடியவில்லை."

அவள் உட்கார்ந்தாள். முள்ளுக்கரண்டியை எடுத்தாள். அந்த வேகாத கத்தரிக்காயை ஒவ்வொரு துண்டாக, தட்டு வெறுமையாகும் வரை சாப்பிட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை. இரண்டு மேசைக்காரர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். வலன்ரைன் அவள் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தான். புளித்த பியரை அவனும் கடைசிவரை குடித்து முடித்தான்.

அன்று பின்னேரம் தன் பெயரையும் படத்தையும் போட்டு எழுதினாள். 'சாப்பாடு: கத்தரிக்காய் வேகவில்லை, வினாகிரி அதிகம். பனெல்லே பரவாயில்லை. பியர்: குழாய் கழுவி மூன்று கிழமைக்கு மேல், குடிக்க வேண்டாம். சேவை: முதலாளியே கொண்டுவந்தார், கழிவறைக்குப் பக்கத்தில் இடம் தந்தார், வெளியே போகச் சொன்னார். நான் இங்கே ஆறு வருடம் சமையல்காரியாக இருந்தவள். மே பதினேழாம் திகதி நான் இங்கே இல்லை.' பனெல்லேக்கு ஏன் நல்லது சொல்கிறீர்கள் என்று மகள் கேட்டாள். "அது நல்லாத்தானே இருந்தது. நான் அவனை மாதிரி எழுதேலாது" என்றாள் செலஸ்ரீனா.

அதை ஒருவரும் அழிக்கவில்லை. அடுத்த நாள் கஸ்பாரேயின் பதில் வந்தது. இந்தத் தடவை அவன் அவளுடைய பெயரைப் போட்டிருந்தான். முழுப் பெயர், குடும்பப் பெயரோடு. அந்தப் பெண் சுத்தமின்மைக்காக எங்களால் நிறுத்தப்பட்டவள் என்று எழுதியிருந்தான். ஆத்திரத்தில் எழுதியது. இரண்டு எழுத்துப் பிழைகூட இருந்தன.

பங்குக் கோவிலில் சனிக்கிழமைகளில் வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கிற ஒரு பெண் வழக்கறிஞர் இருந்தார். செலஸ்ரீனா போனையும் உறுதிபூசுதல் படங்களையும் கொண்டுபோய்க் காட்டினாள். ஒவ்வொரு படத்திலும் நாளும் நேரமும் இருந்தன. பன்னிரண்டு நாற்பதுக்கு எடுத்த படத்தில் அவள் ஆயருக்குப் பக்கத்தில் நின்றாள்.

வழக்கறிஞர் எல்லாவற்றையும் வாசித்தார். "பெயர் போடாத வரைக்கும் அவன் நழுவியிருப்பான்," என்றார். "இப்போது நழுவ முடியாது. என்ன வேண்டும் உனக்கு? நட்டஈடா?"

"அவன் எழுதினதை அவனே திருத்தி எழுத வேண்டும். எல்லாரும் பார்க்கிற இடத்தில்."

கடிதம் போனது. மூன்று கிழமை அவன் அசையவில்லை. பிறகு ஒரே நாளில் பழைய பதினேழு பதில்களும் அவள் பெயர் போட்ட பதிலும் மறைந்தன. மே மாதத்து ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே மட்டும் புதிதாக நாலு வரி வந்தது. அன்று எங்கள் சமையல்காரி விடுமுறையில் இருந்தார், சமைத்தது உரிமையாளர், முன்னர் எழுதியது தவறு. வழக்கறிஞரின் சொற்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"வெண்டிட்டீங்கள் அம்மா" என்றாள் றெபேக்கா.

"என்னத்தை வெண்டது? வருசக்கணக்கா அது கிடந்ததே. எத்தினை பேர் வாசிச்சிருப்பினம்? அவையிட்டை எல்லாம் ஆர் போய்ச் சொல்லுறது?"

முதியோர் இல்லத்தில் ஏற்கனவே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். செலஸ்ரீனாவுக்குப் பிரான்காச்சோவில், பட்டறைக்காரர் மத்தியானம் சாப்பிடுகிற ஒரு கன்ரீனில் வேலை கிடைத்தது. அந்த முதலாளியம்மா போனைப் பார்க்கவில்லை. ஒரு சட்டி சமைத்துக் காட்டச் சொன்னாள். சாப்பிட்டாள். திங்கட்கிழமை வரச் சொன்னாள். கன்னா வெர்தே மூடப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தல் முன்போலவே நிறைந்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். கேட்ட அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓகஸ்ட் மாதம், ஒரு நாள் காலையில் அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது கஸ்பாரே அவளுக்குப் போன் எடுத்தான். குரலில் பழைய குழைவு.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பார்த்தாய்தானே. பழையதை விடு. திரும்பி வா. அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

"பதினேழாம் திகதி யார் சமைத்தது?" என்றாள் செலஸ்ரீனா.

"அதுதான் எழுதிவிட்டேனே."

"எழுதியது வழக்கறிஞர். நீ சொல்லு."

பஸ்ஸில் முன்னால் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். மறுமுனையில் கோப்பி மெசின் இரைவது கேட்டது.

"நான்," என்றான்.

"மட்டிப் பையில் என்ன எழுதியிருந்தது?"

"எறியச் சொல்லி."

"பியர்க் குழாய் கழுவுவது யாருடைய வேலை?"

"தீனா, போதும்."

"யாருடைய வேலை?"

"என்னுடையது."

அவள் இன்னும் கேட்டிருப்பாள். அந்தப் பதினேழு பதில்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பாள். ஆனால் பிரான்காச்சோத் தரிப்பு வந்துவிட்டது. வேலைக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. "நான் வரமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.